கணக்கு வரவில்லையா, வாசிப்பு வரவில்லையா? தொடக்கப்பள்ளிப் பிள்ளையின் வாசிப்பைச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனை, கணக்கு சுத்தமாக ஏறவே இல்லை என்று சொல்லி அவன் அம்மா என்னிடம் அழைத்து வந்தார். நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். கூட்டல், கழித்தல், கடன் வாங்கிக் கழிப்பது எல்லாமே ஒழுங்காகத்தான் போட்டிருந்தான், வாக்கியமாகக் கேட்ட கணக்குகளில் மட்டும் வரிசையாகச் சிவப்பு மை. அதில் ஒன்றை வாசிக்கச் சொன்னேன். "ஒரு கூடையில் 36 பந்துகள் இருந்தன. அவற்றுள் 9 பந்துகளை எடுத்துவிட்டால் மீதி எத்தனை?" எழுத்து எழுத்தாகக் கூட்டி, "எடுத்து" வரைக்கும் வந்து நின்றான், என் முகத்தைப் பார்த்தான், 45 என்றான். அதே கணக்கை நான் வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். நான் முடிப்பதற்குள் 27 என்று சொல்லிவிட்டான்.

அவனுக்குக் கணக்கில் ஒரு குறையும் இல்லை. கணக்கு இருந்த இடத்துக்கு அவனால் போய்ச் சேர முடியவில்லை, அவ்வளவுதான். இப்படிப்பட்ட பிள்ளைகளை வருடா வருடம் பார்க்கிறேன். கணக்குக்குத் தனி டியூஷன், அறிவியலுக்குத் தனி டியூஷன் என்று வைத்துவிட்டு, எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் வாசிப்பை யாருமே தொடாமல் விட்டிருப்பார்கள். அதை வீட்டிலோ வகுப்பிலோ நீங்களே எப்படிச் சோதிப்பது, எங்கே உடைகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது, எப்படிச் சரிசெய்வது என்று படிப்படியாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் பிள்ளை வாசிக்கக் கற்றுக்கொள்கிறது. மூன்று, நான்குக்கு மேல் வாசித்துத்தான் மற்ற எல்லாவற்றையும் கற்க வேண்டும். இந்தத் திருப்பத்தில்தான் நன்றாகப் போய்க்கொண்டிருந்த பல பிள்ளைகளின் மதிப்பெண் திடீரென்று சரியும். 2011-ல் அமெரிக்காவில் கிட்டத்தட்ட 4,000 மாணவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஓர் ஆய்வு வந்தது. மூன்றாம் வகுப்பில் சரியாக வாசிக்க வராதவர்கள் உயர்நிலைப் பள்ளியை உரிய காலத்தில் முடிக்காமல் போகும் வாய்ப்பு, வாசிக்க வந்தவர்களைவிட நான்கு மடங்கு என்று அதில் தெரிந்தது. வறுமையும் அதில் சேர்ந்திருக்கிறது, வாசிப்பு மட்டுமே காரணம் என்று சொல்லிவிட முடியாதுதான். ஆனால் நம் கையில் இருப்பது வாசிப்பு. உலக வங்கி 2019-ல் சொன்ன கணக்குப்படி, குறைந்த மற்றும் நடுத்தர வருமான நாடுகளில் 10 வயதுப் பிள்ளைகளில் 53 சதவீதம் பேரால் ஓர் எளிய பத்தியை வாசித்துப் புரிந்துகொள்ள முடியவில்லை. ஆகவே உங்கள் பிள்ளைக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்து உடைந்துபோக வேண்டாம்.

படி 1: பத்து நிமிடச் சோதனை

ஒரு தாளில் நான்கு பகுதிகளை எழுதிக்கொள்ளுங்கள். முதல் பகுதியில் கலந்து எழுதிய 20 எழுத்துகள், உயிர்மெய்யும் சேர்த்து. இரண்டாவதில் மரம், பூனை, கொடி, விளக்கு மாதிரி 10 எளிய சொற்கள். மூன்றாவதில் நான்கு சிறு வாக்கியங்கள் கொண்ட பத்தி. நான்காவதில் எட்டுப் பத்து வரியில் ஒரு குட்டிக் கதை. பிள்ளை ஏற்கெனவே பார்த்த பாடத்திலிருந்து எடுக்காதீர்கள், இது ரொம்ப முக்கியம். மனப்பாடமாகச் சொல்லிவிட்டு வாசித்தது போலவே காட்டும் பிள்ளைகள் நிறைய, கண் ஒரு வரியில் இருக்கும், வாய் அடுத்த வரியில் இருக்கும்.

பத்தியிலிருந்து தொடங்குங்கள். அது வந்தால் கதைக்குப் போங்கள், வராவிட்டால் சொல்லுக்கு இறங்குங்கள், அதுவும் வராவிட்டால் எழுத்துக்கு. எங்கே சிரமப்படாமல் நிற்கிறதோ அதுதான் பிள்ளையின் இன்றைய நிலை. எந்த வகுப்பில் படிக்கிறது என்பதை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். நான்காம் வகுப்புப் பிள்ளை எழுத்து நிலையில் இருக்கலாம், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை, வேலையை எங்கே தொடங்குவது என்று தெரிந்துவிட்டது.

அப்புறம் இரண்டாவது சோதனை, பலரும் செய்யாமல் விடுவது. அதே அளவுள்ள வேறொரு கதையை நீங்கள் படித்துக் காட்டி, மூன்று கேள்வி கேளுங்கள். யார், என்ன நடந்தது, ஏன் அப்படிச் செய்தான். பிள்ளை தானே வாசித்த கதையிலும் அதே மாதிரி மூன்று கேள்வி. இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

படி 2: எங்கே உடைகிறது?

1986-ல் கஃப், டன்மர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சொன்ன ஒரு கணக்கு எனக்கு இன்றைக்கும் உதவுகிறது. வாசித்துப் புரிவது என்பது எழுத்தைச் சொல்லாக்கும் திறனையும் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கி வருவது. கூட்டுவது இல்லை, பெருக்குவது. ஒன்று பூஜ்யமானால் மற்றது எவ்வளவு இருந்தாலும் விடை பூஜ்யம்தான்.

கேட்டால் புரிகிறது, வாசித்தால் புரியவில்லை என்றால் சிக்கல் எழுத்திலோ வேகத்திலோ இருக்கிறது. படி 3, 4, 5 உங்களுக்கு. கடகடவென்று வாசிக்கிறது, ஆனால் என்ன வாசித்தாய் என்று கேட்டால் விழிக்கிறது, நீங்கள் படித்துக் காட்டினாலும் விழிக்கிறது என்றால் சிக்கல் சொல்வளத்திலும் பொது அறிவிலும். நேராகப் படி 6-க்குப் போங்கள். இரண்டாவது வகைப் பிள்ளைகளைத்தான் நாம் தவறவிடுகிறோம். "நல்லா வாசிப்பான் சார்" என்று வகுப்பில் பெயர் எடுத்திருப்பான், ஐந்தாம் வகுப்பில் சமூக அறிவியல் வந்ததும் தடுமாறுவான், ஏன் என்று யாருக்கும் புரியாது. இரண்டுமே தள்ளாடினால் எழுத்து வேலைக்குப் பாதி, படித்துக் காட்டுவதற்குப் பாதி என்று நேரத்தைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

படி 3: எழுத்து

தமிழில் 247 எழுத்துகள் என்று சொல்லிப் பிள்ளையைப் பயமுறுத்த வேண்டாம். 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம், அப்புறம் குறிகள். கால், கொம்பு, விலங்கு ஆகியவை எல்லா எழுத்துக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரி வருகின்றன. கா தெரிந்தால் மா, வா தானாக வந்துவிடும். தடுமாற வைப்பவை சில குறிப்பிட்ட இடங்கள்தான், அங்கே மட்டும் உட்காருங்கள்.

ஒன்று, உகர ஊகார வரிசை. கு, சு, டு, து, பு, மு என்று எழுதிப் பாருங்கள், எல்லாவற்றுக்கும் குறி ஒரே வடிவில் வருவதில்லை. இங்கே மட்டும் ஒரே குறி என்ற விதி வேலை செய்யாது, ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பழக்க வேண்டும். இன்னொன்று கொம்பு. கெ, கே, கை ஆகியவற்றில் குறி முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது. கொ, கோ இரண்டிலும் எழுத்தின் இரண்டு பக்கமும் குறி. இடமிருந்து வலமாக ஒவ்வொரு வடிவமாகக் கூட்டும் பிள்ளை கொம்பைப் பார்த்து நின்றுவிடும். கொம்பைக் கண்டதும் அடுத்த எழுத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று விரலால் இரண்டையும் மூடித் திறந்து காட்டுங்கள், சில நாளில் பழகிவிடும். ர-ற, ல-ள-ழ, ந-ன-ண குழப்பம் எழுதும்போதுதான் அதிகம் தெரியும், வாசிப்பைப் பெரிதாகத் தடுக்காது. அதைத் திருத்துகிறேன் என்று வாசிப்பு நேரத்தைத் தின்றுவிடாதீர்கள்.

க என்ற எழுத்து கடலில் ஒரு மாதிரி, மகனில் ஒரு மாதிரி, தங்கத்தில் ஒரு மாதிரி ஒலிக்கிறது. இதற்கு விதி சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. காதில் ஏற்கெனவே விழுந்த சொல்லாக இருந்தால் பிள்ளை தானே சரிசெய்துகொள்ளும். கேட்டறியாத சொல்லில்தான் தடுக்கும். சொல்வளம் எழுத்துக் கூட்டுவதற்கும் கை கொடுக்கிறது என்பதை இங்கேதான் நேராகப் பார்க்கலாம்.

நம் மாதிரி எழுத்துமுறை கொண்ட மொழிகளில் எழுத்து முழுதும் படிய வருடக்கணக்கில் ஆகும். கன்னடப் பிள்ளைகளை வைத்து 2007-ல் வெளியான ஆய்வும் இதைத்தான் காட்டியது. ஆங்கிலத்தில் 26 எழுத்தை முடித்த வேகத்தோடு இதை ஒப்பிட்டுப் பிள்ளையைத் திட்டாதீர்கள்.

படி 4: நீளமான சொற்கள்

எழுத்து தெரிந்த பிள்ளை அடுத்து இடறும் இடம் இது. "ஓடிக்கொண்டிருந்தார்கள்" ஒரே சொல். பன்னிரண்டு எழுத்தைக் கூட்டி முடிப்பதற்குள் முதல் எழுத்து மறந்துபோகும். இதற்கு நான் செய்வது, சொல்லின் வாலை முதலில் பழக்குவது. இருந்தார்கள், கொண்டிருந்தது, விட்டால், இருக்கிறது, இலிருந்து, உடைய, படுகிறது ஆகியவை பாடப்புத்தகம் முழுக்கத் திரும்பத் திரும்ப வருகின்றன. இப்படி ஒரு 20 வால்களை அட்டையில் எழுதி, பார்த்த மாத்திரத்தில் சொல்லும் வரை தினமும் இரண்டு நிமிடம் காட்டுங்கள். அதன்பின் "ஓடி" மட்டும் கூட்டினால் போதும், மிச்சம் ஒரே பார்வையில் வந்துவிடும். நான் முதலில் சொன்ன பையன் தடுக்கியதும் இங்கேதான். "விட்டால்" அவன் கண்ணில் பட்டிருந்தால் கழித்திருப்பான்.

வாலை மட்டும் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கும் பழக்கம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். படத்தைப் பார்த்து ஊகி, முதல் எழுத்தைப் பார்த்து ஊகி என்று சொல்லிக் கொடுப்பதை நான் அடியோடு வேண்டாம் என்பேன். படம் இல்லாத புத்தகம் சீக்கிரமே வந்துவிடும்.

படி 5: சரளம்

மொத்தத்தில் அதிகப் பலன் தரும் படி இதுதான் என்பது என் அனுபவம், ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மனத்தில் ஒரு நேரத்தில் நிற்கும் இடம் கொஞ்சம்தான். அந்த இடம் முழுவதையும் எழுத்துக் கூட்டுவதே பிடித்துக்கொண்டால், பொருளை யோசிக்க ஒன்றும் மிஞ்சாது. 1974-ல் லாபெர்ஜ், சாமுவேல்ஸ் இருவரும் இதைத்தான் விளக்கினார்கள். சைக்கிள் பழகும்போது பெடலையே யோசித்துக்கொண்டிருந்தால் எதிரே வரும் வண்டி கண்ணில் படாது, அது மாதிரிதான். பிற்பாடு 1979-ல் சாமுவேல்ஸ் எழுதிய முறை, ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப வாசிப்பது. பார்க்கச் சாதாரணமாகத் தெரியும், ஆனால் நன்றாக வேலை செய்கிறது.

செய்யும் விதம் இதுதான். 50, 60 சொற்கள் உள்ள ஒரு பத்தியை எடுங்கள். பத்துச் சொல்லில் ஒன்றுக்கு மேல் தடுக்கினால் அது கடினம், மாற்றுங்கள். இருபதில் ஒன்று தடுக்கினால் சரியான அளவு. முதலில் நீங்கள் விரலை வைத்து, உணர்ச்சியோடு, பேசுவது மாதிரி வாசித்துக் காட்டுங்கள். அடுத்து இருவரும் சேர்ந்து வாசியுங்கள், உங்கள் குரல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையட்டும். அப்புறம் பிள்ளை தனியாக. நாளைக்கும் அதே பத்தி, நாளை மறுநாளும் அதே. மூன்றாம் நாள் பெரும்பாலும் பிள்ளையின் குரலே மாறியிருக்கும், கேட்டாலே தெரியும்.

நிறுத்தி வாசிப்பதற்கு, பென்சிலால் கோடு போட்டுக் கொடுங்கள். "மழை நின்றதும் / குழந்தைகள் எல்லோரும் / மைதானத்துக்கு ஓடினார்கள்." சொல் சொல்லாக வெட்டி வாசிக்கும் பிள்ளைக்கு, எந்தச் சொல் எதோடு சேர்கிறது என்பது இந்தக் கோட்டில்தான் பிடிபடும். இரண்டு வாரம் போட்டுக் கொடுங்கள், பிறகு பிள்ளையையே போடச் சொல்லுங்கள்.

வாரத்துக்கு ஒருமுறை ஒரு நிமிடம் மட்டும் நேரம் வைத்து, சரியாக வாசித்த சொற்களை எண்ணி நோட்டில் தேதியோடு எழுதுங்கள். இணையத்தில் கிடைக்கும் ஆங்கில அட்டவணைகளோடு தயவுசெய்து ஒப்பிட வேண்டாம். ஆங்கிலத்தில் மூன்று சொல்லாகப் போவது தமிழில் ஒரே சொல்லாக வந்துவிடும், அந்த எண்ணிக்கை இங்கே பொருந்தவே பொருந்தாது. போன மாதப் பிள்ளையோடு இந்த மாதப் பிள்ளையை மட்டும் ஒப்பிடுங்கள். வேகப் போட்டியாகவும் ஆக்கிவிடாதீர்கள், அரைகுறையாக விழுங்கி வாசிக்கும் பழக்கம் வந்துவிட்டால் அதைத் திருத்துவது இன்னும் பெரிய வேலை.

பிழை வந்தால் உடனே குறுக்கே பாயாமல் மனத்துக்குள் ஐந்து எண்ணுங்கள். பாதி நேரம் பிள்ளையே திரும்பிப் போய்த் திருத்திக்கொள்ளும். திருத்தாவிட்டால் சொல்லைச் சொல்லிவிட்டு, அந்த வாக்கியத்தை முதலிலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். பொருள் மாறாத சின்னப் பிழையை விட்டுவிடுங்கள்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தடுமாறும் பிள்ளையை எழுப்பி, வகுப்பு முழுக்கக் கேட்கும்படி புதுப் பாடத்தை வாசிக்க விடாதீர்கள். அந்த இரண்டு நிமிடம் அந்தப் பிள்ளைக்கு எவ்வளவு நீளம் என்று யோசித்துப் பாருங்கள். வாசிக்க வைத்தே ஆக வேண்டுமென்றால் எந்தப் பத்தி என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள், நாலு முறை வாசித்துப் பார்த்துவிட்டு வரட்டும்.

படி 6: புரிதல்

தமிழ்ப் பிள்ளைக்குக் கூடுதலாக ஒரு சுமை இருக்கிறது. வீட்டில் பேசுவது "வந்துட்டான்", புத்தகத்தில் இருப்பது "வந்துவிட்டான்". "அதுக்குள்ள" என்று கேட்டு வளர்ந்தது, "அதற்குள்" என்று வாசிக்க வேண்டும். "அவற்றுள்", "எனினும்", "ஆகையால்" எல்லாம் வீட்டில் யாரும் பேசாத சொற்கள். எழுத்து அத்தனையும் தெரிந்த பிள்ளைக்குக்கூட இது பாதி வேற்றுமொழி மாதிரிதான் இருக்கும். இதற்கு ஒரே வழி, காதால் கேட்க வைப்பது. தினமும் பத்து நிமிடம் நீங்கள் படித்துக் காட்டுங்கள், பிள்ளை தானாக வாசிக்கத் தொடங்கிய பிறகும் நிறுத்தாதீர்கள். பிள்ளையால் இன்று வாசிக்க முடிவதைவிட ஒரு படி கடினமான புத்தகமாக இருக்கட்டும். கடினமான இடத்தில் நிறுத்திப் பேச்சு வழக்கில் ஒருமுறை சொல்லிவிட்டு மேலே போங்கள்.

கதை மட்டும் போதாது. மழை எப்படி வருகிறது, எறும்பு எப்படி வாழ்கிறது, கப்பல் ஏன் மிதக்கிறது என்பதையும் படித்துக் காட்டுங்கள். 1988-ல் ரெக்ட், லெஸ்லி செய்த ஆய்வு ஒன்று உண்டு. பேஸ்பால் ஆட்டம் பற்றிய பத்தி ஒன்றை 64 மாணவர்களுக்குக் கொடுத்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் வாசிப்பில் பின்தங்கியவர்கள், ஆனால் அந்த ஆட்டத்தை நன்றாக அறிந்தவர்கள். இந்தப் பகுதியினர், நன்றாக வாசிக்கத் தெரிந்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிட அதிகமாகப் புரிந்துகொண்டார்கள். "மையக்கருத்து என்ன?" என்ற பயிற்சியை நூறு முறை செய்ய வைப்பதைவிட, பிள்ளைக்கு உலகத்தைப் பற்றி நாலு விஷயம் தெரிய வைப்பது மேல் என்று நான் சொல்வது இதனால்தான்.

வாசித்து முடித்ததும் நீங்களே கேள்வி கேட்டுக்கொண்டிருக்காமல், பிள்ளையை உங்களிடம் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். "என்னை மடக்கு பார்க்கலாம்" என்றால் போதும், தேடித் தேடி வாசிக்கும். அப்புறம் இரண்டே வாக்கியத்தில் கதையைச் சொல், அடுத்து என்ன நடக்கும் என்று நினைக்கிறாய். இவ்வளவு போதும்.

படி 7: மற்ற பாடங்களுக்குள் கொண்டுபோவது

வாசிப்பு மேம்பட்டதும் மதிப்பெண் தானாக ஏறிவிடாது, கைபிடித்து அழைத்துப் போக வேண்டும். கணக்கில் இதைப் பாருங்கள்: "அண்ணனிடம் 12 பென்சில்கள் உள்ளன. இது தங்கையிடம் உள்ளதைவிட 5 அதிகம். தங்கையிடம் எத்தனை?" பெரும்பாலான பிள்ளைகள் "அதிகம்" என்ற சொல்லைப் பார்த்ததும் 17 என்று போடும். விடை 7. "அதிகம் என்றால் கூட்டு, மீதி என்றால் கழி" என்று குறுக்குவழி சொல்லிக் கொடுத்ததன் விளைவு இது. அந்தக் குறுக்குவழியை விட்டுவிடுங்கள். கணக்கை இரண்டு முறை வாசிக்கச் சொல்லுங்கள், யாரிடம் அதிகம் என்று வாயால் சொல்லட்டும், ஒரு படம் வரையட்டும், அதற்குப் பிறகு எண்ணைத் தொடட்டும்.

அறிவியல், சமூக அறிவியலில் பாடத்தைத் தொடங்குவதற்கு முன்பே ஐந்தாறு முக்கியச் சொற்களை எடுத்துப் பேசிவிடுங்கள். ஆவியாதல், வேர், எல்லை என்று எதுவாக இருந்தாலும், எழுதி, வாசித்து, ஒரு வாக்கியத்தில் பயன்படுத்தி. தேர்வுத்தாளின் மொழியையும் தனியாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். வேறுபடுத்துக, காரணம் கூறுக, பொருத்துக, குறிப்பு வரைக. "வேறுபடுத்துக" என்றால் இரண்டு பத்தி எழுத வேண்டும் என்று நினைத்திருந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பாடம் தெரியும், கேள்விதான் புரியவில்லை.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம்?

25 நிமிடம். எழுத்து அல்லது வால் அட்டை 5, திரும்ப வாசித்தல் 10, நீங்கள் படித்துக் காட்டுவது 10. வாரத்தில் ஐந்து நாள் விடாமல் நடந்தால் போதும், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார வைப்பதில் பயன் இல்லை. எழுத்து நிலையில் இருக்கும் பிள்ளை சொல்லுக்கு வர சில வாரங்கள், சரளம் வரச் சில மாதங்கள், சொல்வளமும் பொது அறிவும் சேர வருடங்கள். முதல் மாதம் மதிப்பெண்ணில் ஒன்றும் தெரியாது. நோட்டில் எழுதும் எண்ணில்தான் தெரியும், அதனால்தான் எழுதச் சொல்கிறேன்.

வகுப்பில் செய்வதானால், தினமும் ஒரு மணி நேரமாவது, வகுப்பைப் பார்க்காமல் படி 1-ல் வந்த நிலைப்படி பிள்ளைகளைக் குழுவாகப் பிரியுங்கள். மூன்றாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே குழுவில் உட்காரலாம். ஆறு வாரத்துக்கு ஒருமுறை மறுபடியும் சோதித்துக் குழுவை மாற்றுங்கள், யாரும் ஒரே குழுவில் நிரந்தரமாகத் தங்கிவிடக் கூடாது.

எப்போது வெளி உதவி தேவை?

எதையும் தொடங்குவதற்கு முன் கண்ணையும் காதையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளை அதைச் சொல்லாது, மற்றவர்களுக்கும் அப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும்.

நான்கைந்து மாதம் ஒழுங்காகச் செய்தும் எழுத்தே நிற்கவில்லை, நேற்று தெரிந்தது இன்று புதிதாகத் தெரிகிறது, ஒலி ஒத்துப்போகும் சொற்களைச் சொல்லவோ "படம்" என்பதில் முதல் ஒலியை எடுத்துவிட்டுச் சொல்லவோ முடியவில்லை, குடும்பத்தில் வேறு யாருக்கோ இதே சிரமம் இருந்திருக்கிறது என்றால் டிஸ்லெக்சியாவாக, அதாவது எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் சிரமம் தரும் வாசிப்புக் குறைபாடாக இருக்கலாம். எழுத்தைத் திருப்பி எழுதுவதை மட்டும் வைத்து அதை முடிவு செய்யாதீர்கள், சின்ன வயதில் நிறையப் பிள்ளைகள் அப்படி எழுதும். டிஸ்லெக்சியாவுக்கும் அறிவுக்கும் சம்பந்தம் இல்லை, முறையாகவும் நிறுத்தி நிதானமாகவும் சொல்லிக் கொடுத்தால் அந்தப் பிள்ளைகளும் வாசிப்பார்கள். கற்றல் குறைபாடுகளில் பயிற்சி பெற்ற சிறப்பாசிரியரையோ உளவியலாளரையோ பாருங்கள். போகும்போது அந்த நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். எந்த எழுத்தில் நின்றது, எந்த வாரம் எத்தனை சொல் என்று தேதி வாரியாக எழுதிய நான்கு மாதக் குறிப்பு, அரைமணி நேரச் சந்திப்பில் நீங்கள் வாயால் சொல்லக்கூடிய எதையும்விட அவர்களுக்கு அதிகம் சொல்லும்.